முடிவு மாறாது, உறவு மாறும்: இசைக்குழுக் கதை ஒன்றை விளையாட்டாகச் சொன்னால்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. ஐந்தாம் படிவ மாணவர்களுக்குச் சிறுகதை எழுதப் பயிற்சி கொடுத்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் மேசைக்கு அருகில் வந்து நின்றான். "சார், எங்க தாத்தா தோட்டத்துல உறுமி அடிச்சவரு. தோட்டத்த வித்தப்புறம் அந்த செட்டே கலைஞ்சிருச்சு. அத எழுதலாமா சார்?" என்று கேட்டான். நான் அப்போது சொன்ன பதில் இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. "அதெல்லாம் இப்ப வேணாம்பா. மாதிரிக் கட்டுரையப் பார்த்து எழுது, மார்க் முக்கியம்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். எழுதிக் கொடுத்த கதை, "டிரிங்... டிரிங்... கடிகாரம் அலறியது" என்று தொடங்கி, "அத்தனையும் கனவு என்று உணர்ந்தேன்" என்று முடிந்திருந்தது. மொழிப்பிழை இல்லை, நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தேன். அந்தத் தாத்தா அதே ஆண்டு இறந்துபோனார். அவர் கதையை யாரும் எழுதவில்லை.

அன்று அந்த மாணவனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய ஒன்றைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்குகிறேன். அதற்கு உதவியாக நான் எடுத்துக்கொள்வது ஒரு கணினி விளையாட்டு. "விளையாட்டா? தேர்வு நெருங்குற நேரத்துலயா?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பாத்திரப்படைப்பு, போராட்டம், உரையாடல் ஆகியவற்றைக் கற்பிக்க இது எவ்வளவு பயன்படுகிறது என்பது முடிவில் தெரியும்.

கதைவழி விளையாட்டு என்றால் என்ன?

விளையாட்டு என்றதும் நம் மாணவர்களுக்குச் சுடுவது, ஓடுவது, கார் ஓட்டுவது ஆகியவைதான் நினைவுக்கு வரும். கதைவழி விளையாட்டு அப்படிப்பட்டதல்ல. இதில் வெற்றி தோல்வி பெரும்பாலும் இல்லை. திரையில் ஒரு கதை நடக்கிறது. ஓர் இடத்தில் கதை நின்று, "இந்தப் பாத்திரம் இப்போது என்ன பதில் சொல்லும்?" என்று நம்மைக் கேட்கிறது. இரண்டு மூன்று பதில்கள் திரையில் வரும். அவற்றுள் ஒன்றை நாம் தேர்ந்தெடுத்தால் கதை மேலே போகும்.

நாவல் படிக்கும்போது நாம் வாசகர். நாடகம் பார்க்கும்போது பார்வையாளர். கதைவழி விளையாட்டிலோ அந்தப் பாத்திரத்தின் வாயில் எந்தச் சொல்லை வைப்பது என்று முடிவு செய்பவரும் நாமே. அதனால் "அவன் ஏன் அப்படிச் சொன்னான்?" என்ற கேள்வி, "நான் ஏன் அப்படிச் சொன்னேன்?" என்று மாறிவிடுகிறது.

ஓர் இசைக்குழுவின் கதை

இந்த வகையில் 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த விளையாட்டு 'வீ ஆர் ஓ.எஃப்.கே.' என்பது. ஐந்து பகுதிகள் கொண்ட தொடர்கதை போல வாரவாரம் வெளியிடப்பட்டது. கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம். நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஓ.எஃப்.கே. என்ற இசைக்குழுவைத் தொடங்கி, முதல் பாடல்களை வெளிக்கொண்டுவரப் பாடுபடுவதுதான் கதைக்கரு.

முதன்மைப் பாத்திரங்கள் நால்வர். இட்சுமி கீபோர்டு வாசிப்பவள். விளையாட்டு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை, வீட்டுக்கு வந்தபின் இசைப்பயிற்சி. லூக்கா பாட்டு எழுதிப் பாடுபவன். திறமை இருந்தும் தன்மேல் நம்பிக்கை குறைந்தவன். ஜேய் இசைத் தயாரிப்பாளர். இத்துறையில் ஏற்கெனவே கொஞ்சம் பெயர் எடுத்தவள். கார்ட்டர் காட்சி வடிவமைப்பில் கைதேர்ந்தவர்.

இவர்களுக்கு எதிரி என்று ஒருவருமே இல்லை. வில்லன் கிடையாது, சண்டைக்காட்சி கிடையாது. பிறகு போராட்டம் எங்கே இருக்கிறது? மூன்று இடங்களில்.

1. தனக்குள் நடக்கும் போராட்டம்: "நான் எழுதியது நல்ல பாட்டா? யாராவது கேட்பார்களா?"
2. நண்பர்களுக்கிடையே நடக்கும் போராட்டம்: "இவன் நேரத்துக்கு வராததற்கு என்ன காரணம்? அவள் ஏன் என்னிடம் சொல்லாமல் முடிவெடுத்தாள்?"
3. வாழ்க்கையோடு நடக்கும் போராட்டம்: வாடகை, வேலை, தூரப் பயணம், தூக்கமில்லாத இரவு. கலைக்கு மிஞ்சுவது மீந்துபோன நேரம் மட்டுமே.

அகப்போராட்டம், புறப்போராட்டம் என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போடுவதை இந்தக் கதை அப்படியே நடத்திக் காட்டுகிறது. கதையின் பெரும்பகுதி பேச்சாகவும் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் நகர்கிறது. எந்தச் செய்திக்கு என்ன பதில் அனுப்புவது என்பதுதான் நமக்கான தேர்வு. இடையிடையே குழுவின் பாடல்கள் நாம் ஆடக்கூடிய இசைக் காணொளிகளாக வரும். இதே பாடல்கள் உண்மையான பாடல்களாகவும் வெளியிடப்பட்டன.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த விளையாட்டில் பெரியவர்களின் காதல், மது, கடுஞ்சொல் எல்லாம் வருகின்றன. ஆகவே வகுப்பில் ஆட வைக்கத் தேவையில்லை. அதன் கதையமைப்பை மட்டும் விளக்கினால் போதும்.

தேர்வு செய்தும் முடிவு மாறவில்லையே!

இதை ஆடிப் பார்த்த பலர் ஒரு குறை சொன்னார்கள். நாம் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது, பிறகு தேர்வு எதற்கு என்பதே அந்தக் குறை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இலக்கியம் படிப்பவர்கள் இந்தக் கேள்வியைச் சும்மா விட்டுவிடக் கூடாது.

நமக்குத் தெரிந்த விக்கிரமாதித்தன் கதையையே பாருங்கள். வேதாளம் தோளில் உட்கார்ந்து கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி போடும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொல்லிவிட்டாலோ மௌனம் கலைந்ததென்று வேதாளம் மறுபடியும் மரத்தில் ஏறிக்கொள்ளும். அரசன் எவ்வளவு அருமையாகப் பதில் சொன்னாலும் முடிவு ஒன்றுதான்: அதே மரம், அதே நடை. அப்படியிருந்தும் அந்தக் கதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்கிறோம். ஏன்? ஒவ்வொரு பதிலிலும் விக்கிரமாதித்தன் எப்படிப்பட்டவன் என்பது நமக்குத் தெரிகிறது. முடிவு மாறவில்லை. அரசனைப் பற்றி நாம் அறிந்தது வளர்ந்துகொண்டே போகிறது.

தமிழர் வாழ்க்கையை வைத்தே இப்படி ஒரு விளையாட்டு வந்திருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் குழு உருவாக்கி, 2023 ஜூலை 31இல் வெளியிட்ட 'வெண்பா' அது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியரும் அவர்கள் மகன் கவினும் பாத்திரங்கள். அம்மா கொடுத்த பழைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட படிகளை ஊகித்து இட்லி முதலான உணவுகளைச் சமைத்து முடிப்பது நம் வேலை. சமைக்கும்போது பழைய தமிழ்த் திரையிசையின் பாணியில் அமைந்த பாடல்கள் வானொலியில் ஒலிக்கும். 2024இல் இது பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

இதிலும் நாம் பதில்களைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனாலும் மகன் தமிழை விட்டு விலகிப்போவதை நம்மால் தடுக்க முடியாது. அந்த விலகலை ஒரு தாய் எப்படி எதிர்கொள்கிறாள், கோபமாகவா, கெஞ்சலாகவா, மௌனமாகவா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

ஆகவே மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய கருத்து இதுதான். கதையில் இரண்டு வகை மாற்றம் உண்டு. ஒன்று நிகழ்ச்சி மாற்றம்: என்ன நடந்தது? மற்றொன்று உறவு மாற்றம்: அது நடந்தபோது யார் யாரிடம் எப்படி நடந்துகொண்டார்கள்? பலவீனமான சிறுகதைகளில் முதல் வகை மட்டுமே இருக்கும். விபத்து நடந்தது, மருத்துவமனைக்குப் போனார்கள், பிழைத்துக்கொண்டார், எல்லாரும் மகிழ்ந்தார்கள். நிகழ்ச்சி நிறைய, உறவு பூச்சியம்.

நம் நாட்டு இசைக்குழுக்கள்

இசைக்குழுவின் போராட்டம் லாஸ் ஏஞ்சலிசுக்கு மட்டும் உரியதல்ல. பினாங்கில் 1960களின் இறுதியில் தோன்றிய அலிகேட்ஸ் குழுவை நினைத்துப் பாருங்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள் அதன் முகங்கள். ஹாங்காங்கில் சில காலம் மேடையேறிப் பாடி, பிறகு நாடு திரும்பி மலாய்ப் பாடல்களால் நாடு முழுதும் புகழ்பெற்றார்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளின் குரலை எல்லா இனத்தவரும் தங்கள் வீட்டுக் குரலாக ஏற்றுக்கொண்டார்கள். லோகநாதன் 2007இல் காலமானார். அதன்பின்னும் டேவிட் அதே பெயரில் பாடினார். கூடப் பாடிய தம்பி இல்லாத மேடையில் அண்ணன் நிற்கிறார் என்ற ஒரு காட்சியே ஒரு சிறுகதைக்குப் போதும்.

அடுத்த தலைமுறையில் யோகி பி. 1990களில் பொயட்டிக் அம்மோ குழுவின் வழி ரேப் இசையில் அறியப்பட்ட அவர், பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் யோகி பி - நட்சத்திரா என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். மலேசியாவில் பிறந்த தமிழ் ரேப் தமிழ்நாட்டு இளைஞர்கள் வாயிலும் புகுந்தது.

இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளிலும் ஒரு பொதுக் கேள்வி இருப்பதை மாணவர்கள் கவனிக்கலாம். எந்த மொழியில் பாடுவது? யாருக்காகப் பாடுவது? கலைஞன் எதிர்கொள்ளும் படைப்புச் சிக்கலுக்கு மலேசியத் தமிழர் வாழ்விலிருந்தே சான்று காட்ட வேண்டுமென்றால் இவற்றைக் காட்டலாம்.

தோட்டத்துக் குழுக்கள்

பெயர்பெற்ற குழுக்களுக்கு வருவதற்கு முன்பே தோட்டந்தோறும் பெயர் பெறாத குழுக்கள் இருந்தன. லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ், கெமாஸ் என்று நெகிரி செம்பிலான் முழுதும் ரப்பர்த் தோட்டங்கள் பரவிக் கிடந்த காலம் அது. விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரம் வெட்டுதல், பால் நிறுத்தல், மதியத்துக்கு மேல் கொஞ்சம் ஓய்வு. கலைக்குக் கிடைத்தது அந்த மாலை வேளைதான். லயத்துக்குப் பின்னால், கோயில் திடலில், மண்டபம் இருந்தால் மண்டபத்தில் பயிற்சி நடக்கும். மாரியம்மன் கோயில் திருவிழா, கல்யாணம், சாவு ஆகிய எல்லாவற்றுக்கும் மேளம் வேண்டும்.

உறுமியைப் பார்த்திராத மாணவர்களுக்காக ஒரு சொல். இரண்டு முகம் கொண்ட மேளம் அது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது முனகுவது போன்ற, உறுமுவது போன்ற ஒலி எழும். மறுமுகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். உறுமி மட்டும் தனியாகச் செட்டு ஆகாது. பம்பை, தவில், தப்பு என்று மற்றக் கருவிகளும் கூட வேண்டும். ஒருவர் வராவிட்டால் அன்றைய வாசிப்பே தடுமாறும். இசைக்குழு என்பது உறவு என்று சொல்வது இதனால்தான்.

இனி சமுதாயப் பின்னணி. 1950களிலேயே தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பெரிய தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன. தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. ஆனாலும் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் இருந்த இடத்துக்குச் செம்பனை வந்தது. பிறகு நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போயின. லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்த உறுமிக்காரரும் தவில்காரரும் இப்போது ஆளுக்கொரு ஊரில்.

தோட்டம் விற்கப்படுவதை அந்த உறுமிக்காரர் தடுத்திருக்க முடியுமா? முடியாது. அது அவர் கையில் இல்லை. கடைசித் திருவிழாவில் யாரைப் பக்கத்தில் நிற்க வைத்தார், விட்டுப் போகிறவனிடம் என்ன சொன்னார், உறுமியை யாரிடம் கொடுத்தார்? இவை அவர் கையில் இருந்தன. கதை இருப்பது அங்கேதான்.

வகுப்பறையில் செய்து பார்க்க: அட்டைக் கதை

இப்போது செயல்முறைக்கு வருவோம். கணினி தேவையில்லை. மணிலா அட்டையை வெட்டிய துண்டுகள், நூல், ஒட்டுநாடா போதும். நால்வர் கொண்ட குழுக்களாக மாணவர்களைப் பிரியுங்கள். கற்பனையான ஒரு தோட்ட இசைக்குழுவை உருவாக்கச் சொல்லுங்கள். நான் வகுப்பில் கொடுத்த அமைப்பு இது.

பாத்திரங்கள்: உறுமி அடிக்கும் பெரியவர், பாடும் அவர் மகள், கீபோர்டு வாசிக்கும் இளைஞன், நீலாயில் ஷிப்டு வேலை, பாட்டு எழுதும் ஐந்தாம் படிவ மாணவி. பெயரை மாணவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

மாறாத நிகழ்ச்சிகள் மூன்று: தோட்டம் விற்கப்படும் என்ற அறிவிப்பு வரும். கீபோர்டு இளைஞன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவான். கடைசித் திருவிழா நடக்கும். இம்மூன்றையும் யாரும் மாற்றக் கூடாது. இது விதி.

மாறக்கூடியவை: யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஓர் அட்டையை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். பயிற்சி முடிந்து கருவிகளைக் கட்டும் நேரம். பெரியவர் கேட்கிறார்: "என்ன தம்பி, சிங்கப்பூருக்குப் போறியாமே? ஊரே பேசுது. எங்கிட்ட மட்டும் சொல்லல." இளைஞனின் பதில் என்ன?

அ. "நான் என்னண்ணே செய்யறது? இங்க உள்ள சம்பளத்துல வீட்டுக் கடனே அடையாது."
ஆ. "திருவிழாவுக்குக் கண்டிப்பா வந்துடுவேன்ணே. நீங்க கவலப்படாதீங்க."
இ. பதில் சொல்லாமல் கீபோர்டு ஒயரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான்.

மூன்றில் எதை எடுத்தாலும் அவன் போகத்தான் போகிறான். ஆனால் திருவிழா இரவு வரும்போது வேறுபாடு தெரியும். 'அ'வைத் தேர்ந்தெடுத்திருந்தால் பெரியவருக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. அவன் உண்மையைச் சொன்னான். 'ஆ' என்றால் அவனுக்காக மேடையில் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார். பேருந்து தாமதமானால் அந்தக் காலி இடம்தான் கதையின் உச்சம். 'இ' என்றால் அவன் வந்து நின்றாலும் அவனை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. மூன்றிலும் நிகழ்ச்சி ஒன்று, கதை மூன்று.

ஒவ்வொரு குழுவும் இப்படி ஐந்து முடிவெடுக்கும் அட்டைகள் எழுத வேண்டும். அட்டைகளைச் சுவரில் ஒட்டி நூலால் இணையுங்கள். மற்றக் குழுவினர் வந்து 'ஆடிப்' பார்ப்பார்கள். எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் என்று வாய்மொழியாக விளக்கச் சொன்னால் அது பேச்சுப் பயிற்சியும் ஆகிவிடும்.

ஏன் கிளைகள் மறுபடியும் சேர வேண்டும்?

"சார், நாங்க ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனி முடிவு எழுதப் போறோம்" என்று ஆர்வமாகச் சில மாணவர்கள் வருவார்கள். அவர்களிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் இரண்டு பதில் என்றால் இரண்டு கிளை. அடுத்த இடத்தில் நான்கு. ஐந்தாவது இடம் தாண்டும்போது 32 முடிவுகள். தொடக்கத்திலிருந்து எண்ணினால் 1, 2, 4, 8, 16, 32 எனக் கூடி 63 காட்சிகள் எழுத வேண்டும். பத்து இடம் என்றால் முடிவுகள் மட்டுமே 1,024.

விளையாட்டு எழுதுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். அதனால் அவர்கள் கிளையைப் பிரித்து மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். ஒரு கேள்விக் காட்சி, இரண்டு பதில் காட்சி, பிறகு அடுத்த கேள்வியில் இணைப்பு. இப்படிச் செய்தால் ஐந்து இடத்துக்கு 15 காட்சிகள், முடிவு ஒன்று, ஆக 16 போதும். ஆனால் வாசகர் தேர்ந்தெடுத்த பதில் மறந்துபோகக் கூடாது. அதைக் கணினி ஒரு குறியாக நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னால் வரும் காட்சியில் அந்தக் குறிக்கு ஏற்ப ஒரு வசனமோ பார்வையோ மாறும். மேலே நாம் பார்த்த காலி இடம் அப்படிப்பட்ட ஒரு குறிதான்.

சிறுகதையில் இதை 'முன்னால் விதைத்துப் பின்னால் அறுப்பது' என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். முதல் பக்கத்தில் கொடுத்த வாக்கு, கடைசிப் பக்கத்தில் திரும்பி வர வேண்டும்.

கணினி வசதி உள்ள பள்ளிகள் டுவைன் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் அட்டை அட்டையாகத் தட்டச்சு செய்து இணைத்தால் ஆடக்கூடிய கதை கிடைக்கும். வலைப்பக்கமாகவே அது உருவாவதால் தமிழ் எழுத்தும் சிக்கலின்றித் தெரியும்.

தேர்வுத் தாளில் எப்படிப் பயன்படும்?

தேர்வில் ஒரே ஒரு கதைதான் எழுத முடியும், கிளைகள் எழுத இடமில்லை. உண்மைதான். ஆனால் பாத்திரம் சொல்லாமல் விட்ட இரண்டு பதில்கள் எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால், சொன்ன பதிலுக்குக் கனம் கூடும். 'ஆ' கிளையை மட்டும் எடுத்து எழுதிய ஒரு பத்தியைப் பாருங்கள்:

பம்பையும் தவிலும் தயாராகிவிட்டன. பெரியவர் மட்டும் உறுமியைத் தோளில் மாட்டாமல் மேடையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே விரித்த சாக்கின்மேல் கீபோர்டு வைக்கும் இரும்புக் கால் மட்டும் நின்றது. "அப்பா, மணி ஒம்போதரை. பூசாரி கூப்பிடுறாரு" என்றாள் மகள். "வரேன்னு சொன்னான்" என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. வளைந்த குச்சியை எடுத்து உறுமியின் முகத்தில் ஒருமுறை தேய்த்தார்.

இந்தப் பத்தியில் 'அவர் மிகவும் வேதனைப்பட்டார்' என்ற வாக்கியம் இல்லை. காலியாக நிற்கும் இரும்புக் கால் அதைச் சொல்லிவிடுகிறது. எடுத்துரைப்பு எழுத்துவழக்கில் இருக்கிறது, உரையாடல் மட்டும் பேச்சுவழக்கில். இந்த வேறுபாட்டை மாணவர்கள் கடைப்பிடிக்க வேண்டும். உரையாடலுக்கு வெளியே பேச்சுவழக்கு வந்தால் அது பிழையாகிவிடும்.

இலக்கிய வினாக்களுக்கும் இம்முறை உதவும். பாத்திரத்தின் பண்பைக் கேட்டால் 'நல்லவர், பொறுமைசாலி' என்று அடுக்கி நிறுத்திவிடாதீர்கள். மூன்று படிகளில் எழுதுங்கள்:

1. பண்பு: இந்தப் பாத்திரம் எப்படிப்பட்டது?
2. சான்று: எந்தச் சூழலில் என்ன சொன்னார், அல்லது செய்தார்?
3. விளைவு: வேறு விதமாகவும் நடந்திருக்கலாம் என்ற நிலையில் இப்படி நடந்துகொண்டதால், யாருடன் உள்ள உறவு எப்படி மாறியது?

மூன்றாம் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விடை ஆழமாக இருக்கிறதா, மேலோட்டமாக இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

தவிர்க்க வேண்டியவை:

- கடிகார அலாரத்தில் தொடங்கிக் கனவில் முடிக்கும் அமைப்பு.
- கடைசிப் பத்தியில் திடீரென்று எல்லாரும் திருந்திவிடுவது. விற்ற தோட்டம் திரும்பக் கிடைப்பதும் இதில் அடங்கும்.
- 'தோட்டம்' என்றாலே வறுமை, மது, கண்ணீர் என்று மட்டும் எழுதுவது. அங்கே பாட்டும் கேலியும் போட்டியும் இருந்தன.
- பார்த்திராத கருவியை வருணிப்பது. தெரியவில்லையா? வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 'கலைக்குழு நீடிக்கத் திறமையைவிட நல்லுறவே முதன்மையானது.' இக்கூற்றை ஒட்டி ஒரு கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக.
2. தோட்டத்தை விட்டுப் பிரியும் இசைக்குழு ஒன்றின் கடைசிப் பயிற்சியைக் களமாகக் கொண்டு சிறுகதை எழுதுக.
3. நீ படித்த நாவல் அல்லது நாடகத்தில் ஒரு பாத்திரம் எடுத்த முக்கியமான முடிவைக் குறிப்பிட்டு, அது வேறு விதமாக இருந்திருந்தால் எந்த உறவு மாறியிருக்கும் என்று விளக்குக.

முடிவுரை

இந்த ஆண்டு அட்டைக் கதை நடத்தியபோது, வழக்கமாக வாயே திறக்காத ஒரு மாணவி மூன்றாம் நாள் ஒரு பழைய புகைப்படத்தைக் கொண்டுவந்தாள். கோயில் திடல், ஐந்து பேர், நடுவில் உறுமி. "எங்க தாத்தா சார், இவருதான். வலது பக்கம் நிக்கிறவர்கூட ரொம்ப வருஷமா பேச்சு இல்லயாம். ஏன்னு கேட்டேன், நேத்து ராத்திரி பூரா சொன்னாரு" என்றாள். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. "அட்டையில எழுதும்மா" என்று மட்டும் சொன்னேன். ஏழு அட்டை எழுதினாள். அவற்றுள் ஒன்றில் தாத்தா அந்த நண்பரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். மற்றொன்றில் தட்டாமல் திரும்பி வருகிறார்.

தேர்வு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. மாணவர்கள் எழுதுவதும் தேர்வு. பாத்திரங்கள் செய்வதும் தேர்வு. முதலாவதுக்காக இரண்டாவதை நான் ஒருமுறை தள்ளி வைத்தேன். ஆசிரியர்களே, உங்கள் மேசை அருகே ஒரு மாணவர் வந்து "அத எழுதலாமா?" என்று கேட்டால், எழுதச் சொல்லுங்கள். மொழிப்பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். மாணவர்களே, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இந்த வார இறுதியிலேயே உட்கார்ந்து கேளுங்கள்: "ஒங்க தோட்டத்துல யாரு மேளம் அடிச்சா? அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"